முகட்டில் இருப்பவரின் குரல் விமானிக்குக் கேட்க வேண்டும்: முப்படைத் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முப்படைத் தலைமைத் தளபதி அவர்களுக்கும், தரைப்படை, விமானப்படைத் தளபதிகளுக்கும் வணக்கம்.

நான் பட்டாளத்தில் இருந்தவன் இல்லை. வேலூர் மாவட்டத்துக்காரன். எங்கள் பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருப்பார், அல்லது இருந்து ஓய்வு பெற்றிருப்பார். இந்த மாதிரி ஊர்ப் பிள்ளைகளில் பலர் போய் நிற்கும் இடம் எல்லைக்கோட்டின் முன்வரிசை. அங்கே எதிரி கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது வானத்திலிருந்து உதவி வருமா, வந்தால் சரியான இடத்தில் விழுமா என்பது எங்களுக்குப் பாதுகாப்புத் துறைக் கருத்தரங்கு விஷயம் இல்லை. எங்கள் வீட்டு விஷயம். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

நம் ராணுவ வரலாற்றில் ஒன்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு கம்பெனிகள், அதாவது பட்டாலியனின் உட்பிரிவுகள், இருக்கின்றன. இரண்டிலும் ஏறக்குறைய 120 பேர். முதலாவது, 13 குமாவுன் பட்டாலியனின் சார்லி கம்பெனி. 1962 நவம்பர் 18 அன்று லடாக்கில் சுஷூலுக்கு அருகே ரெசாங் லா கணவாயில் சீனப் படைக்கு எதிரே மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில் நின்றது. இடையில் மலைமுகடு மறித்ததால் நம் பீரங்கிகளின் உதவி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வானத்திலிருந்தும் யாரும் வரவில்லை. நூறு பேருக்கும் மேல் அங்கேயே இறந்தார்கள். மாதங்கள் கழித்துப் பனிக்குள் கண்டெடுக்கப்பட்டபோது பலர் கையில் ஆயுதம் அப்படியே இருந்தது.

இரண்டாவது, 23 பஞ்சாப் பட்டாலியனின் ஆல்ஃபா கம்பெனி. 1971 டிசம்பர் 4 இரவு ராஜஸ்தானின் லோங்கேவாலா காவல் நிலையில் மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரி தலைமையில் இருந்தது. எதிரே பாகிஸ்தானின் நாற்பதுக்கும் மேற்பட்ட டாங்கிகளும், பல பட்டாலியன்கள் சேர்ந்த ஒரு முழு பிரிகேடும். ஜெய்சல்மரில் இருந்த ஹண்டர் விமானங்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. இருட்டில் சண்டையிடும் வசதியும் அவற்றில் இல்லை. விடியும் வரை தாக்குப்பிடியுங்கள் என்பதுதான் கிடைத்த பதில். தாக்குப்பிடித்தார்கள். டிசம்பர் 5 காலை வெளிச்சம் வந்ததும் ஹண்டர்கள் வந்தன. முப்பதுக்கும் மேற்பட்ட டாங்கிகளை எதிரி இழந்தான். தப்பிக்க டாங்கிகள் வட்டமடித்த தடங்கள் மணலில் கோலமாகக் கிடப்பதை அன்று விமானத்திலிருந்து எடுத்த படங்களில் இன்றும் பார்க்கலாம். நம் பக்கம் உயிரிழப்பு மிகச் சொற்பம்.

பனிமலையும் பாலைவனமும் ஒன்றல்ல என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் 1962இல் நம்மிடம் விமானமே இல்லாமல் போகவில்லை. ஹண்டர் இருந்தது, கான்பெர்ரா இருந்தது. அதே சுஷூலுக்கு ஏ.என்.-12 விமானத்தில் டாங்கியையே ஏற்றிக் கொண்டுபோய் இறக்கியிருந்தோம். சரக்கு விமானிகளும் ஹெலிகாப்டர் விமானிகளும் உயிரைப் பணயம் வைத்துப் பறந்தார்கள். சண்டை விமானங்கள் மட்டும் தரையிலேயே நின்றன. சீனா நம் நகரங்கள் மேல் குண்டு போடுமோ என்ற பயத்தில் டெல்லி எடுத்த முடிவு அது. இன்று யாரையும் குறைசொல்ல இதைக் கிளறவில்லை. அன்று உதவி அரசியல் முடிவில் தடைபட்டது. அதற்கப்புறம் நடந்த போர்களில் அனுமதி கிடைத்தும், விமானம் கிளம்பியும், வேறொரு இடத்தில் தடைபட்டிருக்கிறது. அந்த இடம் உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அது தரையில் இருக்கும் வீரருக்கும் மேலே இருக்கும் விமானிக்கும் நடுவே உள்ள பேச்சு.

1965 செப்டம்பர் 1. ஜம்மு எல்லையின் சம்ப் பகுதியில் பாகிஸ்தான் டாங்கிகள் உள்ளே புகுந்துவிட்டன. விமானப்படையை அனுப்பும் அனுமதி சாயங்காலம்தான் வந்தது. பதான்கோட்டிலிருந்து 45ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமான அணியின் பழைய வாம்பயர் விமானங்கள் கிளம்பிப் போயின. கீழே புழுதி, மறையப் போகிற சூரியன், எது நம் டாங்கி எது அவர்கள் டாங்கி என்று மேலே இருப்பவருக்கு எடுத்துச் சொல்ல முறையான ஏற்பாடு இல்லை. நம்முடைய '20 லான்சர்ஸ்' என்ற படைப்பிரிவின் டாங்கிகள் மேலும் நம் விமானங்களே தாக்குதல் நடத்தின. அன்று நான்கு வாம்பயர்களை இழந்தோம். போன விமானிகளின் வீரத்தில் எந்தக் குறையும் இல்லை. ஓசைவேகத்தை நெருங்கும் பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் சுற்றும் வானத்துக்கு அந்தப் பழைய விமானத்தில் போக எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அதே 45ஆம் ஸ்குவாட்ரன்தான் பின்னாளில் தேஜஸ் விமானங்களோடு கோவைக்குப் பக்கத்தில் சூலூருக்கு வந்தது. சூலூரிலிருந்து மலையேறினால் வெலிங்டன். முப்படை அதிகாரிகளும் ஒன்றாகப் படிக்கும் பணியாளர் கல்லூரி அங்கே இருக்கிறது. அந்த வகுப்பறைகளில் சம்ப் எப்படிப் பாடமாக நடத்தப்படுகிறது என்பதில் எனக்குத் தனி அக்கறை உண்டு.

லோங்கேவாலாவில் என்ன மாறியது? விடியலும் திறந்த பாலைவனமும் நமக்குச் சாதகம். பாகிஸ்தான் விமானங்கள் அந்தப் பக்கமே வரவில்லை என்பது அதைவிடப் பெரிய சாதகம். ஆனால் இன்னொன்றும் இருந்தது, அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. தரைப்படையின் வான் கண்காணிப்புப் பிரிவைச் சேர்ந்த மேஜர் ஆத்மா சிங், கிருஷக் என்ற சின்ன, மெதுவான, புரொப்பெல்லர் விமானத்தில் அந்தச் சண்டைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தார். டாங்கிகள் எங்கே இருக்கின்றன, எந்தப் பக்கம் நகர்கின்றன என்று ஹண்டர் விமானிகளுக்கு அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். தரைப்படைக்காரர், தரைப்படைக் கண்ணோடு பார்த்து, விமானிக்குப் புரியும்படி பேசினார். ஹண்டரின் பீரங்கிகளுக்குத் தரும் மரியாதையில் பாதியாவது அந்த ரேடியோவுக்கும் தர வேண்டும் என்பது என் எண்ணம்.

படிக்கிற பொதுமக்களுக்காக இந்த வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். எதிரியின் பதுங்குகுழி நம் ஆட்களிடமிருந்து 200 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் நொடிக்கு 250 மீட்டர். நமக்கும் எதிரிக்கும் இடையே இருக்கும் தூரத்தை விமானி ஒரு நொடிக்குள் தாண்டிவிடுகிறார். மேலேயிருந்து பார்த்தால் எல்லா மலையும் ஒரே பழுப்பு. ஆகவே புது ஆளுக்குப் போனில் வீட்டுக்கு வழி சொல்வதுபோல, பெரிய அடையாளத்திலிருந்து சின்ன அடையாளத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். "ஆறு தெரிகிறதா?" "தெரிகிறது." "அது தெற்கே வளையும் இடத்திலிருந்து மேலே ஏறும் மூன்று முகடுகள்?" "தெரிகிறது." "நடு முகடு. பாதி உயரத்தில் கருப்பாக ஒரு பாறை. அதற்குக் கிழக்கே, இறக்கத்தில், கல் அடுக்கிய சுவர்." "பார்த்துவிட்டேன்." "அதுதான். நாங்கள் அதற்கு மேற்கே 200 மீட்டரில் இருக்கிறோம்."

அத்தோடு முடியாது. விமானம் எந்தத் திசையிலிருந்து வர வேண்டும் என்பதையும் தரையில் இருப்பவர்தான் பார்க்க வேண்டும். நம் ஆட்களின் தலைக்கு மேலே பறந்து வந்து குண்டு போட்டால், அது கொஞ்சம் முந்தி விழுந்தாலும் நம் மேலேயே விழும். நம் வரிசைக்கு இணையாக, பக்கவாட்டில் வந்தால், முந்தினாலும் பிந்தினாலும் நமக்கு ஆபத்து குறைவு. கடைசி நொடியில் ஏதோ தப்பாகத் தெரிந்தால் "வேண்டாம், விடாதே" என்று நிறுத்துவதும் அவர்தான். துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே, காயம்பட்டவர்கள் பக்கத்தில் முனகிக்கொண்டிருக்க, பதினாறாயிரம் அடி உயரத்தில் மூச்சு வாங்க, இவ்வளவையும் நிதானமாகச் செய்ய வேண்டும். இது தனித் தொழில். பழகாமல் வராது.

பழகியவர்களுக்கும் தப்பும். 2001 டிசம்பர் 5 அன்று ஆப்கானிஸ்தானில் ஒரு அமெரிக்க வீரர் இடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவியின் பேட்டரியை மாற்றினார். மாற்றியதும் கருவி, இலக்கின் இடத்தை விட்டுவிட்டு, தான் இருக்கும் இடத்தையே திரையில் காட்டியது. அதைக் கவனிக்காமல் அந்த எண்களை மேலே அனுப்பினார்கள். பி-52 விமானத்திலிருந்து ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள குண்டு அவர்கள் தலையிலேயே விழுந்தது. மூன்று அமெரிக்கர்களும் அவர்களோடு இருந்த ஆப்கானியர் சிலரும் இறந்தார்கள். 2014 ஜூனில் அதே நாட்டின் ஸாபுல் மாகாணத்தில், நாங்கள் இங்கே இருக்கிறோம் என்று காட்ட வீரர்கள் அகச்சிவப்பு விளக்குகளை மினுக்கிக்கொண்டிருந்தார்கள். மேலே வந்த பி-1 விமானத்தின் கேமராவுக்கு அந்த வெளிச்சம் தெரியவே தெரியாது. அது தெரியாது என்பது அந்த இரவில் அங்கே இருந்தவர்களுக்கு உறைக்கவில்லை. எதிரி என்று நினைத்துப் போட்ட குண்டில் ஐந்து அமெரிக்கர்களும் ஒரு ஆப்கானியரும் பலியானார்கள். 2015 அக்டோபர் 3 அன்று குண்டுஸ் நகரில் இலக்கை நேரில் பார்க்காதவர்கள் வாயால் சொன்ன அடையாளத்தை நம்பி, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனையைத் தாக்கினார்கள். நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள் என்று 42 பேர் இறந்தார்கள். உலகத்திலேயே அதிகமாகப் பணமும் பயிற்சியும் கொட்டிய படைக்கு நடந்தவை இவை. இறந்துபோன அந்த நோயாளிகள் எந்தப் போரிலும் இல்லை. இந்த உதவியை அதிகம் கேட்கிற நான், இது தவறினால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நமக்கும் அந்தப் பாடம் உண்டு. 2019 பிப்ரவரி 27 காலை பட்காமில் நம் ஏவுகணையே நம் எம்.ஐ.-17 ஹெலிகாப்டரை வீழ்த்தியது. விமானப்படையினர் ஆறு பேரும் கீழே இருந்த ஒரு பொதுமகனும் இறந்தார்கள். ஒரே படைக்குள்ளேயே வானத்தில் பறப்பது யார் என்ற தகவல் போய்ச் சேரவில்லை. இரண்டு படைகளுக்கு நடுவே இன்னும் எவ்வளவு கவனம் வேண்டும்!

கார்கிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அதன் முதல் சில நாட்களை மட்டும் இங்கே வைக்க வேண்டும். 1999 மே மாத முற்பாதியிலேயே தரைப்படை ஹெலிகாப்டர் உதவி கேட்டது. அரசின் அனுமதி வேண்டும் என்றது விமானப்படை. அனுமதி கிடைத்தது மே 25. மறுநாள் விமானத் தாக்குதல் தொடங்கியது. 27ஆம் தேதி ராக்கெட் சுடும்போது எஞ்சின் அணைந்து ஒரு மிக்-27 விழுந்தது. அதன் விமானியைத் தேடிப் போன ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அகுஜா உயிரிழந்தார். 28ஆம் தேதி டோலோலிங் பக்கம் ஏவுகணையைத் திசைதிருப்பும் தீப்பொறி வசதி இல்லாத எம்.ஐ.-17 ஒன்று சுடப்பட்டு அதிலிருந்த நான்கு பேரும் இறந்தார்கள். அதற்கப்புறம் ஆயுத ஹெலிகாப்டர்கள் அந்தச் சண்டைக்குப் போகவில்லை. இருந்த எம்.ஐ.-35 தாக்குதல் ஹெலிகாப்டர்களால் அந்த உயரத்துக்கு ஏறவே முடியாது. அடுத்த நாள், 29ஆம் தேதி, பட்டாலிக் பகுதியில் பீகார் ரெஜிமென்ட்டின் மேஜர் மாரியப்பன் சரவணன், நம் திருச்சிக்காரர், எதிரியின் பதுங்குகுழிக்கு நேராக ஏறிப் போய் வீரமரணம் அடைந்தார். ஒரு மாதத்துக்கும் மேல் அவர் உடலைக்கூட மீட்க முடியவில்லை.

வானத்திலிருந்து உதவி வந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை; யாருக்கும் இல்லை. காற்று மெலிந்த அந்த உயரத்தில் குண்டு சமவெளியில் விழுவதுபோல விழாது. கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்ற கட்டளையும் விமானிகளின் கையைக் கட்டியது. விமானப்படை வெகு சீக்கிரம் கற்றுக்கொண்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜூன் 17 அன்று முந்தோ தாலோவில் இருந்த எதிரியின் சரக்கு முகாமை மிராஜ் விமானங்கள் அழித்தன. ஜூன் 24 அன்று டைகர் ஹில் உச்சியில் லேசர் குண்டு விழுந்தது. ஆனால் எனக்கு உறுத்துவது முதல் இரண்டு வாரங்கள். அந்த உயரத்தில் இரண்டு படைகளும் சேர்ந்து பழகியிருந்தால், எந்த விமானம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று பட்டாலியன் கமாண்டருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால், அந்தப் பாடங்களில் சிலவற்றையாவது உயிர் கொடுத்துக் கற்க வேண்டியிருந்திருக்காது.

அந்தப் பாடத்தின் பலன் பிரசண்ட் தாக்குதல் ஹெலிகாப்டர். சியாச்சினில் இறங்கிக் காட்டிய, நாமே வடிவமைத்த ஹெலிகாப்டர். 2022 அக்டோபரில் ஜோத்பூரில் விமானப்படையில் சேர்ந்தபோது உண்மையிலேயே பெருமைப்பட்டேன். 2025 மார்ச்சில் இன்னும் 156 வாங்க ஒப்பந்தம் போட்டீர்கள்: தரைப்படைக்கு 90, விமானப்படைக்கு 66. அமெரிக்காவிடம் வாங்கிய அப்பாச்சி தாக்குதல் ஹெலிகாப்டரும் அப்படித்தான், விமானப்படையிடம் 22, தரைப்படைக்குத் தனியாக 6. இந்தப் பங்கீட்டுக்குப் பின்னால் எத்தனை வருஷத்து வழக்கு இருக்கிறது என்பதைச் செய்தித்தாள் படிக்கிற எல்லாரும் அறிவோம். 2021 ஜூலையில் அன்றைய முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், விமானப்படையைப் பீரங்கிப் படைபோல ஒரு துணைப்படை என்று பேசியதும், விமானப்படைத் தளபதி அதை உடனே மறுத்ததும் பொதுவெளியில் நடந்தவை. அந்த விவாதம் முடிவதற்குள், அதே ஆண்டு டிசம்பரில், வெலிங்டன் கல்லூரிக்குப் போகும் வழியில் குன்னூர் அருகே ராவத் அவர்களை இழந்தோம்.

விமானப்படையின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. முதலில் வானத்தைக் கைப்பற்றாமல் தரைக்கு உதவப் போனால் சம்பில் வாம்பயர்களுக்கு நடந்ததுதான் நடக்கும். ஸ்குவாட்ரன்கள் குறைந்துகொண்டே வருகின்றன. மிக்-27 2019இல் போனது, மிக்-21 2025 செப்டம்பரில் போனது. இருக்கிற கொஞ்சம் விமானங்களை ஒவ்வொரு படையணிக்கும் பிரித்துக் கொடுக்க முடியாது என்கிறார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விமானம் யாருடையது என்பது குண்டு படும் முகட்டில் இருப்பவருக்குப் பொருட்டே இல்லை. தன் ரேடியோவில் கூப்பிட்டால் அந்த விமானத்துக்குக் கேட்குமா, தன் வரைபடமும் விமானியின் திரையும் இடத்தைக் குறிக்கும் ஒரே கட்ட எண்களைக் காட்டுமா, அவ்வளவுதான் அவருடைய கேள்வி.

சண்டை இப்போது மாறிவிட்டது, 2025 மே மாதத்தில் இரு தரப்பு விமானங்களும் எல்லையைத் தாண்டாமலே போர் நடந்ததே, இனி எங்கே இந்த நெருக்கச் சண்டை என்று சிலர் கேட்கிறார்கள். கல்வானை மறந்துவிட்டார்கள். 2020 ஜூனில் கைக்கெட்டும் தூரத்தில், கல்லோடும் ஆணி அடித்த கம்போடும் நடந்த சண்டையில் 20 பேரை இழந்தோம். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி. எல்லையில் மனிதர்கள் நேருக்கு நேர் நிற்கிறவரை இந்தத் தேவை போகாது. ட்ரோன் வந்துவிட்டது, அது போதும் என்பவர்களும் உண்டு. ட்ரோன் அருமையான ஆயுதம், பட்டாலியனின் கையிலேயே இருக்கும் கண். ஆனால் பாறைக்குள் குடைந்த பதுங்குகுழியைச் சில கிலோ வெடிமருந்தால் உடைக்க முடியாது. அலைவரிசையை எதிரி முடக்கினால் சின்ன ட்ரோனின் கண்ணும் அடைந்துபோகும்.

காலாட்படை பட்டாலியன்தோறும் ட்ரோன் பிளாட்டூன் என்ற சிறு குழு அமைப்பதாக 2025 ஜூலையில் தரைப்படைத் தளபதி அறிவித்தார். என் முதல் கோரிக்கை அதிலிருந்தே பிறக்கிறது. அந்த பிளாட்டூனுக்குள்ளேயே விமானத்தை வழிநடத்தப் பயிற்சி பெற்ற ஆட்களை வையுங்கள். இந்த வேலைக்கு நம்மிடம் விமானப்படை விமானிகளைத் தரைப்படையோடு அனுப்பும் வழக்கம் இருக்கிறது. அது நல்ல வழக்கம்தான், ஆனால் எல்லா முகட்டிலும் ஒரு விமானி இருக்க மாட்டார். ஒரு நாயக்கும் ஒரு ஹவில்தாரும் இதைக் கற்றுக்கொள்ள முடியும். அமெரிக்கப் படையில் அதிகாரி அல்லாத வீரர்கள் இதைத் தினமும் செய்கிறார்கள். நம் பையன்களுக்கு ஏன் முடியாது? தேர்வு வையுங்கள், தேறியவருக்குச் சான்றிதழும் கூடுதல் படியும் கொடுங்கள், ஆண்டுதோறும் மறுபடி தேர்வு வையுங்கள். பழக்கம் விட்டுப்போனால் தகுதியும் போக வேண்டும்.

அடுத்தது அந்த 156 ஹெலிகாப்டர்கள். தரைப்படையின் 90க்கும் விமானப்படையின் 66க்கும் ஒரே ரேடியோ, ஒரே பேச்சுமுறை, நம்மவர் யார் என்று காட்டும் ஒரே அடையாளக் கருவி இருக்கும் என்பதை ஹெலிகாப்டர்கள் வந்து சேரும் முன்பே எழுத்தில் உறுதி செய்யுங்கள். வந்த பிறகு மாற்றுவதற்கு எத்தனை ஆண்டு ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

பயிற்சியைப் பொக்ரான் மணலோடு நிறுத்தாதீர்கள். லடாக்கின் உயரத்தில், குளிர்காலத்தில், இரவில், உண்மையான குண்டோடு, உண்மையான காலாட்படையோடு நடக்க வேண்டும். சூலூர் விமானிகள் சில வாரங்களாவது ஒரு காலாட்படை பட்டாலியனோடு மலையில் தங்கட்டும். அந்த பட்டாலியனின் ஹவில்தார் சூலூருக்கு வந்து, தான் நின்ற முகடு மேலேயிருந்து எப்படித் தெரிகிறது என்று விமானத்தின் பதிவுகளில் பார்க்கட்டும். வெலிங்டனில் சம்ப், லோங்கேவாலா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேஜரையும் ஸ்குவாட்ரன் லீடரையும் இடம் மாற்றி உட்காரவைத்து நடத்துங்கள்.

எத்தனை பட்டாலியன்களில் இந்தப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள் என்ற எண்ணை எங்களிடம் சொல்ல வேண்டாம்; அது ரகசியமாக இருக்க வேண்டியதுதான். ஆனால் நாடாளுமன்றத்தின் பாதுகாப்புத் துறை நிலைக்குழு முன்னால் மூடிய அறையில் அந்த எண்ணை வையுங்கள். அடுத்த ஆண்டு மறுபடி வையுங்கள். கூடியிருக்கிறதா என்று அவர்கள் கேட்கட்டும். தமிழ்நாட்டு எம்.பி.க்கள் இந்தக் கேள்வியைக் கையில் எடுக்க வேண்டும் என்று அவர்களுக்கும் தனியாக எழுதுகிறேன்.

மரியாதையுடன்,
வேலூர் மாவட்டத்திலிருந்து ஒரு குடிமகன்